பழையபடி

எங்கள் வீட்டு மாடியில் கட்டிய கிறிஸ்துமஸ் ஸ்டாரை ஜனவரி 6 அன்றுதான் இறக்குவோம். கிழக்கிலிருந்து ஞானிகள் வந்து சேர்ந்த நாள் அதுதான் என்பது அத்தையின் கணக்கு. ஸ்டார் இறங்கிவிட்டால் பண்டிகை முடிந்தது. முறுக்கும் அதிரசமும் இருந்த தூக்குச்சட்டிகள் கழுவிக் காய்ந்து பரணுக்குப் போகும். நாத்தனார் குடும்பம் ஊருக்குப் பஸ் ஏறியிருக்கும். பள்ளிக்கூடம் திறந்திருக்கும். பெரியகுளத்தைச் சுற்றியுள்ள தோப்புகளில் மா பூத்து, காலையில் மருந்தடிக்கிற இயந்திரச் சத்தம் கேட்க ஆரம்பித்திருக்கும். வீட்டில் யாராவது ஒருவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு சொல்வார்கள்: "அப்பாடா, எல்லாம் பழையபடிக்கு வந்திருச்சு."

இந்த வருடம் அதைச் சொன்னவர் என் கணவர். அவர் சொன்னபோது நான் அடுப்பின் முன்னால் நின்று தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். என் கர்ப்பப்பையை எடுத்துச் சரியாக ஏழு வாரம் ஆகியிருந்தது.

அவர் கெட்டவர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் கட்டுரையில் கெட்டவர்கள் யாரும் இல்லை. அதுதான் இதை எழுதுவதில் உள்ள கஷ்டம்.

மூன்று வருடங்களாக எனக்கு உதிரப்போக்கு இருந்தது. கர்ப்பப்பையில் கட்டி. மாதத்தில் பத்து நாள் வகுப்பில் உட்கார்ந்தேதான் பாடம் எடுப்பேன். எழுந்தால் நாற்காலியைத் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் கரும்பலகைப் பக்கம் போவேன். மாணவிகளுக்குத் தெரியும். அவர்களும் பார்த்துச் சொல்வார்கள், "ஒண்ணுமில்ல மேடம்" என்று. ஆபரேஷனை ஒவ்வொரு முறையும் தள்ளிப்போட்டேன். ஒரு வருடம் மகனின் பிளஸ் டூ. அடுத்த வருடம் கல்லூரிக்கு நாக் குழு வருகை. அதற்கடுத்து அத்தைக்குக் கண்புரை. ஹீமோகுளோபின் ஏழுக்கு வந்தபிறகு மதுரையில் மருத்துவர் கேட்டார்: "உங்களுக்குன்னு ஒரு மாசம்கூடவா கிடைக்கல?" நான் முனைவர் பட்டம் வாங்கியவள். பெண்ணெழுத்து பற்றிக் கருத்தரங்குகளில் பேசுகிறவள். அம்பையின் 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை' கதையைப் பல வருடங்களாகப் பாடம் நடத்துகிறவள். பதில் சொல்லத் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

நவம்பர் நடுவில் ஆபரேஷன். ஐந்தாவது நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எட்டு வாரத்துக்குக் குடம் தூக்கக்கூடாது, கிரைண்டர் கல்லைச் சாய்க்கக்கூடாது, குனிந்து பெருக்கக்கூடாது. மருத்துவர் இதையெல்லாம் என் கணவரைப் பார்த்தே சொன்னார். அவரும் ஒரு தாளில் குறித்துக்கொண்டார்.

எங்கள் வீட்டில் ஐந்து பேர். கணவர் பள்ளி ஆசிரியர். மகன் வெளியூரில் பொறியியல் இரண்டாம் ஆண்டு. மகள் பிளஸ் ஒன். அத்தை, வயது எழுபத்தாறு, மிஷன் பள்ளிக்கூடத்தில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். அத்தைக்கு முழங்கால் தேய்ந்துவிட்டது. நான் படுத்துவிட்டால் இந்த வீடு என்ன ஆகும் என்பதுதான் எனக்கிருந்த ஒரே பயம். மயக்க மருந்து கொடுக்கும்போதுகூட, ஃப்ரிட்ஜில் மாவு இரண்டு நாளைக்கு வரும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

வீடு ஒன்றும் ஆகவில்லை, நன்றாக நடந்தது. படுத்த இடத்திலிருந்து கேட்டுக்கொண்டே இருப்பேன். விடியற்காலை குழாயில் தண்ணீர் விழும் சத்தம். குக்கர் விசில். கணவர் பால் வாங்கப் போகும்போது கேட் கிறீச்சிடும் சத்தம். ராத்திரி எட்டரைக்கு என் கட்டிலைச் சுற்றி நாற்காலி போட்டுக் குடும்ப ஜெபம். அத்தை பாட்டு ஆரம்பிப்பார், மகள் வேதம் வாசிப்பாள், கணவர் ஜெபிப்பார். டிசம்பரில் கேரல் ரவுண்டு எங்கள் தெருவுக்கு வந்தபோது மணி ஒன்றரை. எங்கள் வீட்டில்தான் வருடாவருடம் அந்த நாற்பது பேருக்கும் காபி. இந்த வருடம் வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். ஆனால் பாட்டு முடிந்ததும் டம்ளர்கள் மோதுகிற சத்தம் கேட்டது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நான் இல்லாமலும் என் வீடு நடக்கிறது. என் வாழ்நாளில் இத்தனை பெரிய விடுதலையை நான் உணர்ந்ததில்லை. இதைப் பற்றி ஒரு கவிதைகூட எழுதினேன். இப்போது அதைக் கிழித்துப் போட்டுவிட்டேன்.

ஜனவரி இரண்டாம் ஞாயிறு, சுகம் கிடைத்ததற்காக ஸ்தோத்திரக் காணிக்கை படைக்க ஆலயத்துக்குப் போனோம். எங்கள் சபையில் இது வழக்கம். பிரசவமானாலும் விபத்தில் தப்பித்தாலும், நடமாட்டம் வந்ததும் குடும்பமாக முன்னால் போய் முழங்கால்படியிட்டு, கவரை வைத்து ஜெபம் வாங்கிக்கொள்வோம். போதகர் ஐயா நல்ல மனிதர். ஆஸ்பத்திரிக்கு இரண்டு முறை வந்து பார்த்தவர். அவர் ஜெபத்தில், பேதுருவின் மாமியைத் தொட்டுச் சுகமாக்கின ஆண்டவர் இந்தச் சகோதரியையும் எழுப்பினார் என்றார். அவள் எழுந்து பணிவிடை செய்ததுபோல இவர்களும் தங்கள் குடும்பக் கடமைகளுக்குத் திரும்பக் கிருபை கொடுத்தாரே என்று நன்றி சொன்னார். சபை "ஆமென்" என்றது. நானும் சொன்னேன்.

இந்தக் கதை மத்தேயு, மாற்கு, லூக்கா மூன்றிலும் இருக்கிறது. மாற்கில் முதல் அதிகாரத்திலேயே வந்துவிடும். இயேசு ஜெப ஆலயத்திலிருந்து நேராகப் பேதுரு வீட்டுக்கு வருகிறார். கூட அந்திரேயா, யாக்கோபு, யோவான். பேதுருவின் மாமி ஜுரத்தில் படுத்திருக்கிறாள். அவர் கையைப் பிடித்துத் தூக்கிவிடுகிறார். ஜுரம் விடுகிறது. அவள் பணிவிடை செய்கிறாள். இரண்டு மூன்று வசனங்களில் முடிந்துவிடுகிற கதை. சிறுவயதிலிருந்து எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன்.

திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்ததும் மகள் என் காதருகே குனிந்தாள்.

"அம்மா, மாமியார் இருந்தா பேதுருவுக்குப் பொண்டாட்டியும் இருந்திருக்கணும்ல?"

"ஆமா."

"மாமியார் காய்ச்சல்ல படுத்திருந்தப்ப யாரு சமைச்சா?"

பிரசங்கம் ஆரம்பித்துவிட்டது. என்ன பிரசங்கம் என்று எனக்கு நினைவில்லை. அந்தப் பேர் சொல்லாத பொண்டாட்டியைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தில் ஓரிடத்தில், கேபா, அதாவது பேதுரு, மனைவியோடு பயணம் போவதைப் போகிற போக்கில் சொல்கிறார். அவ்வளவுதான் அவளைப் பற்றி நமக்குக் கிடைப்பது. அந்த ஓய்வுநாளில், ஜுரத்தோடு கிடந்த அம்மாவையும், திடீரென்று வந்து நின்ற நான்கு ஆண்களையும், வீட்டு மனுஷரையும் பார்த்துக்கொண்டு ஒருத்தி பின்கட்டில் நின்றிருக்க வேண்டும். சுவிசேஷகர்கள் மூன்று பேருமே அவளைப் பார்க்கவில்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நானும் பார்க்கவில்லை.

அன்று சாயங்காலம் மகளின் அரையாண்டு மதிப்பெண் பட்டியலை மறுபடி எடுத்துப் பார்த்தேன். பள்ளி திறந்த வாரத்தில் அவள் அப்பா கையெழுத்துப் போட்டது. இயற்பியலில் முப்பது மதிப்பெண் குறைந்திருந்தது. வேதியியலில் அதைவிட அதிகம். "அம்மாவுக்கு முடியாமப் போச்சுல்ல, அதான்" என்று அவர் சொன்னபோது, அம்மாவை நினைத்துப் பிள்ளை கவலைப்பட்டிருக்கிறது என்று நானும் நெகிழ்ந்துபோயிருந்தேன்.

"காலைல எத்தனை மணிக்கு எந்திரிச்ச, இந்த ரெண்டு மாசமும்?"

"நாலே முக்கால்."

"அப்பா?"

"அப்பா ஆறு மணிக்குப் பால் வாங்கப் போவாங்கள்ல."

"கேரல்காரங்களுக்குக் காபி?"

"நான்தான். அப்பத்தா டம்ளர் எடுத்துக் குடுத்துச்சு. மறுநாள் வேதியியல்."

அவள் குறையாகச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான். அவள் அண்ணன் டிசம்பர் 20ஆம் தேதியே லீவுக்கு வந்துவிட்டான். பதினாறு நாள் இருந்தான். ஸ்டார் கட்டினான், சீரியல் விளக்கு போட்டான், என் கால்மாட்டில் உட்கார்ந்து கதை பேசினான். அவன் தட்டை அவள் எடுத்தாள். நான் படுத்துக்கொண்டு கேட்ட சத்தங்கள் எல்லாம், என் விடுதலை என்று நான் நம்பிய அந்தக் குழாய்ச் சத்தமும் குக்கர் விசிலும், பதினாறு வயதுப் பெண்ணின் தூக்கத்திலிருந்தும் மதிப்பெண்ணிலிருந்தும் எடுக்கப்பட்டவை. வீடு தானாக நடக்கவில்லை. நான் இறங்கிய இடத்தில் இன்னொருத்தி ஏறிக்கொண்டாள், அவ்வளவுதான்.

ஒன்றிய அரசின் புள்ளியியல் அலுவலகம் 2019இல் நாடு முழுவதும் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு நடத்தியது. ஆறு வயதுக்கு மேற்பட்ட எல்லோரையும் கணக்கில் எடுத்தார்கள். ஆறு வயதென்றால் பெண்குழந்தையும் கணக்கில் வருகிறாள், கவனியுங்கள். சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடுகிற பெண்கள் அதற்கு ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடம் செலவழித்தார்கள், ஆண்கள் 97 நிமிடம். அந்த வேலையில் கை வைத்த பெண்களே நூற்றுக்கு 81 பேர், ஆண்கள் 26 பேர். 2024இல் மறுபடி எடுத்தபோது பெண்களுக்கு 289 நிமிடம், ஆண்களுக்கு 88. பெண்ணின் பங்கில் பத்து நிமிடம் குறைந்திருக்கிறது. அந்தப் பத்தை ஆண்கள் எடுத்துக்கொண்டார்களா என்றால் இல்லை, அவர்களுக்கும் ஒன்பது குறைந்திருக்கிறது. நான் வகுப்பில் இந்த எண்களைச் சொல்லியிருக்கிறேன். என் வீட்டில் அந்த நிமிடங்கள் யார் கணக்கில் எழுதப்படுகின்றன என்று எண்ணிப் பார்த்ததில்லை.

அத்தையிடம் இதைச் சொன்னேன். அத்தைக்குப் பிடிக்கவில்லை. "பொம்பளப் பிள்ள, ரெண்டு மாசம் அடுப்பப் பாத்தா தேஞ்சா போயிரும்? எனக்கு மூணாவது பிள்ளைக்கு அப்புறம் ஆபரேஷன் பண்ணிட்டு பத்தாம் நாளு வடகரையில இருந்து ரெண்டு குடம் தண்ணி தூக்கியிருக்கேன்" என்றார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "தையல் பிரிஞ்சு போச்சு. உங்க மாமாட்ட சொல்லவே இல்ல" என்றார்.

அத்தையின் அம்மா பைபிள் உமன். இந்தப் பகுதியில் வேலை செய்த அமெரிக்கன் மதுரை மிஷனுக்குப் பெரியகுளமும் ஒரு நிலையம். ஈவா சுவிஃப்ட் என்ற மிஷனரி 1892இல் மதுரையில் பெண்களுக்கென்று ஒரு வேதாகமப் பயிற்சிப் பள்ளி தொடங்கினார். அங்கே படித்த பெண்கள் ஊர் ஊராக நடந்துபோய், வெளியே வராத பெண்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தார்கள், வேதம் வாசித்தார்கள், பிரசவத்துக்கும் சாவுக்கும் கூட நின்றார்கள். சம்பளம் வாங்கிக்கொண்டு, தனியாகத் தெருவில் நடந்த பெண்கள். நான் ஆய்வு மாணவியாக இருந்தபோது அவர்களைப் பற்றிப் படித்துப் படித்துப் பூரித்திருக்கிறேன். அத்தையின் அம்மாவும் அவர்கள் வழி வந்தவர்தான். அவர் கறுப்புப் பையும் குடையுமாக எடுத்த படம் ஒன்று எங்கள் வரவேற்பறையில் தொங்குகிறது.

"உங்கம்மா ஊருக்குப் போனா வீட்ல யாரு அத்தை சமைப்பா?"

"நாந்தான். ஒம்பது வயசுலருந்து. கம்பங்கூழு கிண்டுவேன், கை எட்டாது, அம்மியில ஏறி நின்னுக்கிருவேன்."

அந்தப் படத்தை இத்தனை வருடமாக விருந்தாளிகளுக்குப் பெருமையாகக் காட்டி வந்திருக்கிறேன். படத்துக்கு வெளியே, அம்மியின் மேல் ஏறி நிற்கும் ஒன்பது வயதுப் பெண்ணை அன்றுதான் முதல்முறை பார்த்தேன். அவள் என் பக்கத்தில் முழங்காலைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. தமிழ் படித்தவளுக்குத் தூக்கம் வராவிட்டால் சொற்களைத்தான் பிடித்துத் தொங்குவாள். மாற்கு முதல் அதிகாரத்தை எடுத்து வைத்துக்கொண்டேன். நாங்கள் ஆலயத்தில் வாசிக்கும் பழைய மொழிபெயர்ப்பில், வனாந்தரத்தில் தேவதூதர்கள் இயேசுவுக்குச் செய்ததற்கு 'ஊழியம்' என்று இருக்கிறது. பதினெட்டு வசனம் தள்ளி, பேதுருவின் மாமி செய்ததற்குப் 'பணிவிடை'. பத்தாம் அதிகாரத்தில் தான் எதற்காக வந்தேன் என்று இயேசு தன்னைப் பற்றிச் சொல்லும்போது மறுபடி 'ஊழியம்'. மூலத்தில் கிரேக்கத்தில் மூன்று இடத்திலும் ஒரே வினைச்சொல்தான். பெண்ணிய வேதாகம அறிஞர்கள் இதைப் பலமுறை எடுத்துக்காட்டியிருக்கிறார்கள். தேவதூதர் செய்தால் ஊழியம், ஆண்டவர் செய்தால் ஊழியம், வீட்டில் ஒரு பெண் செய்தால் பணிவிடை. மொழிபெயர்த்தவர்கள் திட்டமிட்டுச் செய்ததாக நான் நினைக்கவில்லை. அவர்கள் காதுக்கு அது இயல்பாகப் பட்டிருக்கிறது. என் காதுக்கும் இத்தனை வருடம் இயல்பாகத்தானே பட்டது?

சபையில் 'ஊழியம்' என்ற சொல்லுக்கு எவ்வளவு மரியாதை என்று கிறிஸ்தவ வீட்டில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். ஊழியக்காரர் வந்தால் எழுந்து நிற்போம். பணிவிடை செய்கிறவள் வந்தால் யாரும் எழுந்திருப்பதில்லை. அவள்தான் ஏற்கெனவே நின்றுகொண்டிருப்பாளே. தென்னிந்தியத் திருச்சபையில் பெண்கள் குருப்பட்டம் பெறுகிறார்கள். 2013இல் நந்தியாலில் புஷ்ப லலிதா அம்மையார் பேராயரும் ஆனார். அவர்களுக்கு அந்தப் பெரிய சொல் கிடைத்துவிட்டது. சமையற்கட்டுக்கு இன்னும் கிடைக்கவில்லை.

வேதாகமத்தை மட்டும் குறை சொல்லி என்ன? முதலாமாண்டு மாணவிகளுக்கு வருடாவருடம் குறுந்தொகை 167 எடுக்கிறேன். கூடலூர் கிழார் பாடியது. புதிதாகக் குடித்தனம் போன பெண்ணின் வீட்டைப் பார்த்து வந்த செவிலி, பெற்ற தாயிடம் சொல்கிறாள். அந்தப் பெண் தயிர் பிசைந்த விரலை உடுத்திய துணியிலேயே துடைத்துக்கொள்கிறாள். தாளிக்கும் புகை கண்ணில் ஏறுகிறது. புளிக்குழம்பு ஆக்குகிறாள். கணவன் இனிது என்று உண்கிறான். அவள் முகம் நுண்ணிதாக மலர்கிறது. முல்லைத்திணை, இல்லறத்தின் இனிமை என்று சொல்லிக்கொடுத்து, ஐந்து மதிப்பெண் கேள்வியாகவும் கேட்டிருக்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு மாணவி, "அந்தப் பொண்ணு சாப்பிட்டுச்சா மேடம்?" என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டு, அது பாட்டில் இல்லை என்று அடுத்த பாட்டுக்குப் போய்விட்டேன். என் மகள் ஆலயத்தில் கேட்டதும் அதே கேள்விதான். அந்த மாணவி இப்போது எங்கே இருக்கிறாளோ. அவளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

பொங்கல் விடுமுறை முடிந்த அன்று, குடும்ப ஜெபம் ஆன பிறகு யாரையும் எழுந்திருக்க விடவில்லை. மகனை போனில் பிடித்து ஸ்பீக்கரில் போட்டேன். ஒரு நீளத் தாளில், காலை நாலே முக்காலில் ஆரம்பித்து ராத்திரி கதவு பூட்டுகிறவரை என்னென்ன வேலை என்று எல்லோரையும் சொல்லச் சொல்லி எழுதினேன். கணவர் ஒன்பது வேலை சொன்னார். மகன் ஆறு. அத்தை பதினேழு. மகள் நாற்பத்தொன்று. குடிதண்ணீர் வருகிற நேரம் பார்த்துப் பிடித்து வைப்பது, உளுந்து ஊறப் போடுவது, அப்பத்தாவுக்குச் சாப்பாட்டுக்கு முன் மாத்திரை, பின் மாத்திரை, குளியலறைத் துணி, நாப்கின் காகிதம் சுற்றிப் போடுவது, ஞாயிற்றுக்கிழமைக்கு வேட்டி இஸ்திரி. கணவர் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். "நான் செய்ய மாட்டேன்னு சொல்லலையே, நீ சொல்லியிருந்தா செஞ்சிருப்பேன்ல" என்றார். "சொல்றதும் ஒரு வேலைதாங்க, அதையும் எழுதிக்கிறேன்" என்றேன். நாற்பத்திரண்டாவதாக எழுதினேன்.

அதன்பிறகு எல்லாம் மாறிவிட்டதா என்று கேட்டால், இல்லை. காலைச் சமையல் இப்போது அவர் பொறுப்பு. சாம்பாரில் உப்பு ஒருநாள் இருக்கும், ஒருநாள் இருக்காது. அடுக்களையிலிருந்து "எத்தனை விசில்?" என்ற குரல் ஐந்தரைக்கு வரும். முதல் வாரம் பதில் சொன்னேன். இப்போது சொல்வதில்லை. அந்த நேரத்தில் என் படுக்கையில் கிடந்து பதில் சொல்லாமலிருப்பது எவ்வளவு கஷ்டம் என்று உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். அத்தை என்னோடு நான்கு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மகன் அடுக்களையில் நிற்பதைப் பார்க்க அவருக்குப் பொறுக்கவில்லை. யோவான் சுவிசேஷத்தின் கடைசி அதிகாரத்தில், ராத்திரி முழுக்க வலை வீசிக் களைத்து வந்த சீஷர்களுக்குக் கரையில் கரிநெருப்பு போட்டு மீன் சுட்டு வைத்துக் காத்திருந்தது யார் என்று கேட்டேன். வேதம் தெரிந்தவர், பதில் சொல்லாமல் இருக்க முடியவில்லை. "அது ஆண்டவர்" என்றார். பிறகு, "மீன் சுடுறது வேற, தெனம் சோறு வடிக்கிறது வேற" என்றார். அதுவும் உண்மைதான்.

மகள் இப்போது ஆறு மணிக்கு எழுகிறாள். முதல் சில நாள் நாலே முக்காலுக்கே விழிப்புத் தட்டி, இருட்டில் கண்ணைத் திறந்துகொண்டு படுத்திருந்தாளாம். இரண்டு மாதத்தில் உடம்பு அத்தனை சீக்கிரம் பழகிவிடுகிறது. அதுதான் எனக்குப் பயம். அடுத்து அவளுக்கு ஆண்டுத் தேர்வு.

எங்கள் சபையில் வருடத்துக்கு ஒரு ஞாயிறு பெண்களுக்கு. அன்று ஆராதனை, வேதவாசிப்பு, பிரசங்கம் எல்லாம் பெண்கள் ஐக்கிய சங்கத்தார் நடத்துவோம். இந்த வருடம் பிரசங்கத்துக்கு என்னைக் கேட்டிருக்கிறார்கள். பேதுருவின் மாமியைப் பற்றித்தான் பேசப்போகிறேன், பேர் இல்லாத அவள் மகளைப் பற்றியும். போதகர் ஐயாவிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டேன். சிரித்துக்கொண்டே, "நான் ஜெபிச்சது தப்பாயிருச்சோம்மா?" என்றார். "தப்பில்லங்கய்யா, பாதிதான் இருந்துச்சு" என்றேன்.

ஆனால் அந்த ஞாயிறும் ஆராதனை முடிந்து வெளியே வருகிற முந்நூறு பேருக்குக் காபி போடுவது பெண்கள் சங்கம்தான். மற்ற ஞாயிறுகளைப் போலவே பிரசங்கம் நடக்கும்போது ஆறேழு பேர் பின்பக்கக் கொட்டகையில் பாலைக் காய்ச்சிக்கொண்டிருப்பார்கள். அவர்களுக்குப் பிரசங்கம் கேட்காது. அன்று ஒருநாள் காபியை ஆண்கள் போட்டால் பேசுகிறேன் என்று சபைக் குழுவுக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

பதில் இன்னும் வரவில்லை.